சின்னக் கருவியில் பழைய கன்சோல் ஓடுமா?

முதலில் இரண்டு கணக்குகளைப் பார்த்துவிடலாம்.

2001-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் சிபியு, அதாவது கட்டளைகளை ஓட்டும் மையச் சிப், 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. 1983-இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரிலும், பிறகு அமெரிக்காவில் நெஸ் என்ற பெயரிலும் வந்த நின்டெண்டோ கன்சோலின் சிபியு 1.79 மெகாஹெர்ட்ஸ். தொண்ணூறுகளில் நம் ஊர்களில் கேசட் செருகி டிவியில் ஆடினோமே, அந்த வீடியோ கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான். இரண்டு சிபியுவுக்கும் இடையே வேக வித்தியாசம் ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் மேல். பாக்கெட்நெஸ் என்ற எமுலேட்டரை, அதாவது ஒரு கருவியை இன்னொன்று போல நடிக்கவைக்கும் மென்பொருளை, போட்டால் கேம் பாய் அட்வான்ஸில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு வேகத்தில் ஓடுகிறது.

இரண்டாவது கணக்கு 2011-இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் பற்றியது. அதில் ஆட்டங்களுக்கான சிபியு 268 மெகாஹெர்ட்ஸ், அதுவும் இரண்டு கோர். 1990-இல் வந்த சூப்பர் நெஸ்ஸின் சிபியு அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட 75 மடங்கு வித்தியாசம். ஆனால் 2016 மார்ச்சில் நின்டெண்டோ தன் பழைய சூப்பர் நெஸ் ஆட்டங்களை 3டிஎஸ் குடும்பத்துக்கு விற்க ஆரம்பித்தபோது, வேகம் கூட்டப்பட்ட ‘நியூ 3டிஎஸ்’ வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. பழைய 3டிஎஸ்காரர்களுக்கு இல்லை.

ஒன்பது மடங்கு போதுமாக இருந்த இடம் ஒன்று, 75 மடங்கும் பற்றாமல் போன இடம் இன்னொன்று. சக்தி குறைந்த கையடக்கக் கருவியில் பழைய கன்சோல் ஓடுமா என்று கேட்பவர்கள் வழக்கமாக மெகாஹெர்ட்ஸைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஏன் என்று பார்க்க, எமுலேட்டர் உள்ளே என்னதான் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு கட்டளை

கேம் கேசட்டுக்குள் இருப்பது அந்தக் கன்சோலின் சிபியுவுக்கு மட்டுமே புரியும் கட்டளைகள். எல்லாமே எண்கள். நெஸ்ஸில் இருப்பது 6502 என்ற சிப்பின் வழிவந்த ஒன்று. அதற்கு 169, 5 என்று அடுத்தடுத்து இரண்டு எண்களைக் கொடுத்தால், ‘5 என்ற மதிப்பை ஏ ரெஜிஸ்டரில் வை’ என்று பொருள். ரெஜிஸ்டர் என்பது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் மிகச் சிறிய நினைவிடம். அசல் நெஸ் இந்த வேலையை 2 கிளாக்கில், அதாவது சிபியுவின் இரண்டே துடிப்புகளில், முடித்துவிடும்.

இதையே வேறொரு சிப்பில் ஓடும் எமுலேட்டர் செய்யவேண்டும் என்றால், முதலில் கேசட்டின் நகலான ரோம் கோப்பில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து 169-ஐ எடுக்கவேண்டும். 169 என்றால் என்ன செய்வது என்று 256 வரிகள் கொண்ட பட்டியலில் தேடி அந்த இடத்துக்குத் தாவவேண்டும். அடுத்த எண்ணான 5-ஐ எடுத்து, ஏ என்று நாம் பெயர் வைத்திருக்கும் இடத்தில் போடவேண்டும். அப்புறம், வந்த மதிப்பு பூஜ்யமா, மைனஸா என்று இரண்டு கொடிகளை, அதாவது ஆம்-இல்லை குறிகளை, சரிசெய்யவேண்டும், ஏனென்றால் அசல் சிப் அதைத் தானாகச் செய்கிறது, ஆட்டமும் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடைசியாக, கணக்கிலிருந்து 2 கிளாக்கைக் கழித்து, திரையில் இந்த வரி முடிந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். பிறகு அடுத்த கட்டளை.

ஒரு சின்னக் கட்டளைக்கு இவ்வளவு வேலை. இது சிபியு பங்கு மட்டும்தான். நெஸ்ஸில் படம் வரைய பிபியு என்று தனிச் சிப் இருக்கிறது, ஐந்து சத்தங்களை எழுப்பும் பகுதி இருக்கிறது. அவையெல்லாம் அசல் கருவியில் ஒரே நேரத்தில் இணையாக ஓடிக்கொண்டிருக்கும். எமுலேட்டரோ ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று எல்லாவற்றையும் தானே செய்தாகவேண்டும். கெடு 16.7 மில்லி விநாடி. ஒரு விநாடிக்கு சுமார் 60 ஃபிரேம், அதாவது 60 முழுத் திரைப் படங்கள், என்பதால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். அதற்குள் முடிக்காவிட்டால் படம் தடுமாறும்.

படத்தைவிடச் சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நடுவில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. சத்தம் ஒரு கணம் அறுந்தாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஃபிரேம் ஸ்கிப் என்ற பழைய உத்தி இதை வைத்துத்தான் வந்தது: ஆட்டத்தின் கணக்கையும் சத்தத்தையும் முழுதாகச் செய்துவிட்டு, படம் வரைவதை மட்டும் ஒன்று விட்டு ஒன்று தவிர்ப்பது. ‘முழு வேகத்தில் ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால், ஃபிரேம் ஸ்கிப் போட்டா, போடாமலா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேம் பாய் அட்வான்ஸ் எப்படிச் சமாளித்தது

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கேம் பாய் அட்வான்ஸில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,80,896 கிளாக் கிடைக்கிறது. நெஸ் திரையில் 256-க்கு 240 என்று 61,440 பிக்சல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பிக்சலுக்கு நாலரை கிளாக். சிபியு வேறு எந்த வேலையும் செய்யாமல் பிக்சல்களை மட்டும் வரைந்துகொண்டிருந்தால்கூட நேரம் போதாது. ஒரு பிக்சலின் நிறத்தைக் கண்டுபிடித்து எழுதவே அதைவிட அதிகம் தேவைப்படும்.

ஆகவே பாக்கெட்நெஸ் பிக்சல்களை வரைவதே இல்லை. நெஸ்ஸின் படம் 8-க்கு 8 பிக்சல் சதுரங்களை அடுக்கி உருவாவது. ஆட்டம் ‘இந்த இடத்தில் இந்தச் சதுரத்தை வை’ என்று சொல்லும், பிபியு வைக்கும். கேம் பாய் அட்வான்ஸின் படச் சிப்பும் அதே வழியில், அதே 8-க்கு 8 சதுரங்களை வைத்து வேலை செய்வதுதான். நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகள் நெஸ்ஸில் 64, இங்கே 128. எனவே நெஸ் சதுரங்களைக் கேம் பாய் அட்வான்ஸுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், வரையும் வேலையை வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. சத்தத்திலும் அப்படியே. பழைய கேம் பாயிலிருந்து தொடர்ந்து வந்த நான்கு ஒலிச் சேனல்கள் அட்வான்ஸில் இருக்கின்றன. நெஸ்ஸின் ஐந்தில் நான்கு அவற்றோடு ஏறக்குறைய பொருந்திப்போகின்றன.

சிபியு பக்கமும் இதே கதை. 6502-க்கு ரெஜிஸ்டர்கள் மிகக் குறைவு. கேம் பாய் அட்வான்ஸில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு 16. எனவே நெஸ்ஸின் ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் ஆர்ம் ரெஜிஸ்டர்களிலேயே நிரந்தரமாகக் குடிவைத்துவிடலாம், நினைவகத்துக்குப் போய்வரும் செலவு மிச்சம். எமுலேட்டரின் மையப் பகுதியை சி மொழியில் எழுதாமல் ஆர்ம் அசெம்பிளியில், அதாவது அந்தச் சிப்பின் சொந்தக் கட்டளைகளிலேயே, கையால் எழுதி, சிப்புக்கு உள்ளேயே இருக்கும் 32 கிலோபைட் வேக நினைவகத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் பார்த்த அந்த 2 கிளாக் கட்டளைக்கு இங்கே கிடைப்பது சுமார் 19 கிளாக். அதற்குள் முடிக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பல ஆட்டங்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு, அடுத்த ஃபிரேம் வரும்வரை ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எமுலேட்டர் அந்தச் சுற்றலைக் கண்டுபிடித்து, அத்தனை சுற்றையும் ஓட்டாமல் நேராக அடுத்த ஃபிரேமுக்குத் தாவிவிட்டால் கணிசமான நேரம் மிச்சமாகும்.

இதற்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. கேம் பாய் அட்வான்ஸ் திரை 240-க்கு 160. நெஸ் படத்தை உயரத்தில் நசுக்கினால்தான் முழுதாகத் தெரியும், இல்லாவிட்டால் ஒரு பகுதி வெளியே போய்விடும். 2004-இல் நின்டெண்டோவே ஃபாமிகாம் ஆட்டங்களை அட்வான்ஸுக்காக மறுபடி விற்றபோதும் இதே நெருக்கடிதான், அவற்றிலும் படம் உயரத்தில் நசுங்கித்தான் இருக்கும்.

சூப்பர் நெஸ் ஏன் படுத்துகிறது

சூப்பர் நெஸ்ஸின் சிபியுவை எமுலேட் செய்வது பெரிய பாரம் இல்லை. சுற்றியிருப்பவைதான் பாரம். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு படத் தளங்கள் வரை இருக்கலாம். ஒரு தளத்தின் நிறத்தை இன்னொன்றோடு கூட்டி அல்லது கழித்து, தண்ணீர், மூடுபனி போன்ற ஒளிபுகும் தோற்றத்தைக் கொண்டுவரலாம். திரையில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் நிறம், நகர்வு எல்லாவற்றையும் மாற்றலாம், ஆட்டங்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். சத்தத்துக்கென்று சோனி செய்த தனிச் சிபியு ஒன்று தன் சொந்த 64 கிலோபைட் நினைவகத்தோடு தனியாக ஓடும். சில கேசட்டுகளுக்குள்ளேயே கூடுதல் சிபியு வேறு. ஸ்டார் ஃபாக்ஸில் சூப்பர் எஃப்எக்ஸ், சூப்பர் மாரியோ ஆர்பிஜியில் எஸ்ஏ-1. கன்சோல் ஒன்றுதான், ஆனால் எந்தக் கேசட்டைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து எமுலேட்டர் சுமக்கவேண்டிய பாரம் மாறிவிடுகிறது.

நின்டெண்டோ பழைய 3டிஎஸ்ஸை விட்டுவிட்டது. ஆனால் ஆர்வலர்கள் விடவில்லை. ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டரின் 3டிஎஸ் வடிவம் ஒன்று பழைய 3டிஎஸ்ஸிலேயே பல சூப்பர் நெஸ் ஆட்டங்களை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டியது. இங்கேயும் வழி அதே: பிக்சல்களைச் சிபியுவால் வரையாமல், தளங்களை 3டிஎஸ்ஸின் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைப்பது. எல்லா ஆட்டங்களும் ஓடின என்று சொல்ல முடியாது. காசு வாங்கி விற்பவருக்கு விற்கும் ஒவ்வொரு ஆட்டமும் குறையில்லாமல் ஓடியாகவேண்டும், ஆர்வலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு தரப்பும் வேறு வேறு முடிவுக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பிஎஸ்பியில் நடந்த விசித்திரம்

2004 கடைசியில் வந்த சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் சிபியு அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ். இதில் பிளேஸ்டேஷன் 1 ஆட்டங்கள் வெண்ணெயாக ஓடின, 2006 முதல் சோனியே அவற்றை விற்றது. அதே பிஎஸ்பியில் சூப்பர் எஃப்எக்ஸ் சிப் உள்ள சூப்பர் நெஸ் ஆட்டங்கள் திணறின. முப்பரிமாண ஆட்டங்களோடு 1994-இல் வந்த, 33.87 மெகாஹெர்ட்ஸ் கன்சோல் எளிதாக ஓடுகிறது, அதற்கும் நான்கு வருடம் மூத்த கன்சோல் முரண்டு பிடிக்கிறது.

முக்கியமான காரணம் உறவுமுறை. பிளேஸ்டேஷன் 1 சிபியுவும் பிஎஸ்பி சிபியுவும் மிப்ஸ் என்ற ஒரே குடும்பம். ஒன்றின் கட்டளை மற்றதற்கு அந்நியமில்லை. நாம் மேலே பார்த்த ‘எடு, தேடு, தாவு, செய், கொடியைச் சரிபார்’ என்ற நீண்ட சடங்கில் பெரும்பகுதி தேவையில்லாமல் போய்விடுகிறது.

நின்டெண்டோ டிஎஸ்ஸில் கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுகள் ஓடியதை எமுலேஷன் என்றே சொல்லக்கூடாது. டிஎஸ்ஸுக்குள் அட்வான்ஸின் அதே ஆர்ம்7 சிபியு உட்கார்ந்திருந்தது. 3டிஎஸ்ஸிலும் அப்படித்தான். 2011 டிசம்பரில் 3டிஎஸ்ஸை ஆரம்பத்திலேயே வாங்கியவர்களுக்கு நின்டெண்டோ இலவசமாகக் கொடுத்த பத்து அட்வான்ஸ் ஆட்டங்களில் ஒன்றை ஓட்டினால், ஹோம் மெனுவுக்கு நடுவில் போய்வர முடியாது. கருவி அந்த நேரத்துக்குக் கேம் பாய் அட்வான்ஸாகவே மாறிவிடுகிறது, மற்ற வசதிகளுக்கு இடமில்லை.

குடும்பம் வேறாக இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் டைனாரெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உத்தி வருகிறது. இதுவரை பார்த்த முறையில் எமுலேட்டர், மேடையில் பேச்சாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் அப்போதைக்கப்போது மொழிபெயர்ப்பவர் போல வேலை செய்கிறது. பேச்சாளர் அதே வரியை ஆயிரம் தடவை சொன்னாலும் ஆயிரம் தடவையும் புதிதாக மொழிபெயர்க்கும். டைனாரெக் எமுலேட்டரோ முதல் தடவை வரும்போதே அந்தப் பகுதியை முழுதாகத் தன் மொழியில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை எழுதி வைத்ததை அப்படியே ஓட்டிவிடும். ஆட்டங்கள் ஒரே கட்டளைத் தொகுப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவை என்பதால் கிடைக்கும் லாபம் பெரியது. பிஎஸ்பிக்காக எழுதப்பட்ட ஜிபிஎஸ்பி என்ற எமுலேட்டர் இப்படித்தான் கேம் பாய் அட்வான்ஸின் ஆர்ம் கட்டளைகளை மிப்ஸுக்கு மாற்றி ஓட்டியது. விலை மலிவான ஆர்ம் கருவிகளில் பிளேஸ்டேஷன் 1 ஓடுவதற்குக் காரணமான பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டும் இதே வழிதான்.

ஆனால் எழுதி வைக்க இடம் வேண்டும், அதாவது ராம் வேண்டும். ஆட்டம் ஓடும்போதே தன் கட்டளைகளைத் தானே மாற்றிக்கொண்டால், எழுதி வைத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதவேண்டும். கருவியின் மென்பொருளும் இதற்கு அனுமதி கொடுக்கவேண்டும். ஐபோனின் ஆப் ஸ்டோரில் 2024 ஏப்ரலில் பழைய கன்சோல் எமுலேட்டர்களுக்கு இடம் கிடைத்தது, ஆனால் இப்படி ஓடும்போதே புதுக் கட்டளைகளை உருவாக்கி ஓட்டும் உரிமை அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. சக்தி அபாரமாக இருந்தும் பயன்படுத்த வழியில்லாத நிலை.

நின்டெண்டோ 64 என்ற சுவர்

மலிவான கருவிகளை விற்பவர்கள் ‘என்64 ஓடும்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த வரியைத்தான் நான் எப்போதும் சந்தேகத்தோடு படிப்பேன். 1996-இல் வந்த இந்தக் கன்சோலின் சிபியு 93.75 மெகாஹெர்ட்ஸ். கூடவே 62.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் படச் சிப் ஒன்று. அந்தச் சிப் என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொரு ஆட்டமும் தன்னோடு கொண்டுவரும் மைக்ரோகோட் என்ற சிறு நிரலால் தீர்மானிக்கும். அதை ஒவ்வொரு அடியாக நடித்துக் காட்டுவது சின்னக் கருவியால் ஆகாத காரியம்.

1999 ஜனவரியில் வந்த அல்ட்ராஎச்எல்இ என்ற எமுலேட்டர் இந்தச் சுவரை ஒரு புது வழியில் தாண்டியது. மைக்ரோகோடை ஓட்டாமல், அது எதற்காக இருக்கிறது என்று புரிந்துகொண்டு, ‘இங்கே ஒரு முக்கோணம் வரையச் சொல்கிறது’ என்றால் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டிடம் நேராக முக்கோணம் வரையச் சொல்லிவிட்டது. என்64 கடைகளில் விற்றுக்கொண்டிருந்தபோதே அதன் ஆட்டங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடின. அது ஓட்டிய ஆட்டங்கள் சில மட்டுமே, ஏனென்றால் எந்த மைக்ரோகோடைப் புரிந்துவைத்திருந்ததோ அதைப் பயன்படுத்தும் ஆட்டங்கள்தான் ஓடும். இன்றைய சின்னக் கருவிகளிலும் என்64 பெரும்பாலும் இந்த வழியில்தான் ஓடுகிறது. ஓர் ஆட்டம் அருமையாக ஓடி அடுத்த ஆட்டம் கோணல் மாணலாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, குறுக்கு வழி எதுவுமே எடுக்காவிட்டால் எவ்வளவு சக்தி தேவை? பிஸ்னெஸ் என்ற எமுலேட்டரை எழுதியவர் 2011-இல் அதற்கு விடை சொன்னார்: சூப்பர் நெஸ்ஸை அச்சு அசலாக நடிக்கவைக்க ஏறக்குறைய 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் தேவை. அதே ஆட்டங்களைச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர்களில் மற்ற எமுலேட்டர்கள் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டுதான் இருந்தன. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல் என்ற ஆட்டத்தில் விமானத்துக்குக் கீழே விழும் நிழல் போன்ற இடங்களில். அந்த நிழல், திரையின் ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே அமைப்புகளை மாற்றி உண்டாக்கப்படுவது. வரி வரியாக வரையும் எமுலேட்டருக்கு அது கண்ணிலேயே படாது, நிழல் காணாமல் போய்விடும். அது எங்கே குறிவைக்கிறோம் என்பதற்கு ஆடுபவர் நம்பியிருக்கும் நிழல் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. அதே சமயம் பேருந்துப் பயணத்தில் மாரியோ ஆடுபவருக்கு 3 கிகாஹெர்ட்ஸ் துல்லியம் தேவையும் இல்லை.

வாங்கும் முன்

நெஸ் போன்ற எட்டு பிட் கன்சோல்களை இப்போது மைக்ரோகன்ட்ரோலர்களே, அதாவது சின்னச் சாதனங்களுக்கான ஒற்றைச் சிப் கம்ப்யூட்டர்களே, ஓட்டுகின்றன. 240 மெகாஹெர்ட்ஸ் இஎஸ்பி32 சிப்பை வைத்து 2018-இல் வந்த ஓட்ராய்டு-கோ நெஸ், கேம் பாய், மாஸ்டர் சிஸ்டம் ஆட்டங்களை ஓட்டியது. 2020-இல் நின்டெண்டோ விற்ற கேம் அண்ட் வாட்ச் மாரியோ பதிப்பின் உள்ளே இருப்பதும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் நெஸ் எமுலேட்டரும்தான். ஆக, நெஸ்ஸும் கேம் பாயும் எந்த மலிவான கருவியிலும் ஓடவேண்டும். ஓடாவிட்டால் குறை மென்பொருளில்தான்.

அதற்கு மேலே போனால் கருவியின் பெட்டியில் உள்ள கன்சோல் பட்டியலை ஒதுக்கிவிட்டு, சிப்பின் பெயரையும் ராம் அளவையும் பாருங்கள். 128 மெகாபைட் ராமும் 1.2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் ஆர்மும் கொண்ட மியூ மினியில் பிளேஸ்டேஷன் 1 நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் ஆர்முக்காகப் பல வருடம் செதுக்கிய டைனாரெக் அதற்குக் கிடைத்திருக்கிறது. அந்த உழைப்பு எந்தக் கன்சோலுக்கு, எந்தச் சிப்புக்காக நடந்திருக்கிறது என்பதைத்தான் தேடிப் பார்க்கவேண்டும்.

திரையையும் கணக்கில் வையுங்கள். ஆன்பெர்னிக் ஆர்ஜி351பி-யின் திரை 480-க்கு 320, அதாவது கேம் பாய் அட்வான்ஸ் திரையின் சரியாக இரண்டு மடங்கு. ஒரு பிக்சல் நான்காக மாறும், எதுவும் கலங்காது. அதே திரையில் 160-க்கு 144 கொண்ட பழைய கேம் பாய் படத்தை உயரம் முழுவதும் நிரப்பச் சொன்னால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000-இல் வந்த தீர்ப்பு, எமுலேட்டர் எழுதுவதற்காக ஒரு கன்சோலின் உள் மென்பொருளைப் பிரித்து ஆராய்வதை நியாயமான பயன்பாடு என்று ஏற்றுக்கொண்டது. ஆட்டங்களின் பிரதிகளை இணையத்தில் பரப்புவதற்கு அந்தத் தீர்ப்பு எந்தப் பாதுகாப்பும் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் நிரப்பிய மெமரி கார்டோடு வரும் கருவிகளில் கருவிக்குச் சிக்கல் இல்லை, கார்டுக்குத்தான் சிக்கல்.

கையில் ஒரு கருவி கிடைத்து ஐந்து நிமிடம் சோதிக்க முடிந்தால் சூப்பர் மாரியோ வேர்ல்டைப் போட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம், அது எதிலும் ஓடும். யோஷிஸ் ஐலண்டைப் போடுங்கள். அதன் கேசட்டுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப் இருக்கிறது. ஃபிரேம் ஸ்கிப்பை அணைத்து, ஹெட்போன் மாட்டி, இரண்டு நிமிடம் சத்தத்தைக் கவனியுங்கள். பாட்டு அறுபடாமல் வந்தால், சூப்பர் நெஸ்ஸின் பெரும்பாலான ஆட்டங்களுக்கு அந்தக் கருவி போதும்.